உப்பில் நுண்நெகிழி: கண்டறியப்பட்ட வரலாறு

கடைகளில் விற்கப்படும் சமையல் உப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நெகிழித் துகள்கள் கலந்திருப்பது உப்பில் நுண்நெகிழி மாசு எனப்படுகிறது. நாளிதழ்கள் மைக்ரோபிளாஸ்டிக் என்று எழுதும் இத்துகள்கள் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுடையவை. நூல் இழை, உடைந்த சில்லு, மெல்லிய படலம், சிறு உருண்டை எனப் பல வடிவங்களில் இவை காணப்படுகின்றன. சமையல் உப்பில் இவை இருப்பது 2015ஆம் ஆண்டு சீனாவில் விரிவாக ஆராயப்பட்டு வெளியிடப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஸ்பெயின், மலேசியா, அமெரிக்கா, தென்கொரியா, இந்தியா முதலிய நாடுகளின் ஆய்வாளர்களும் தாங்கள் சோதித்த உப்புகளில் இதையே கண்டனர்.

இந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் வெளிவரும்போது "ஒரு கிலோ உப்பில் இத்தனை துகள்கள்" என்ற செய்தி பரவுகிறது. ஓர் ஆய்வு பத்துக்கும் குறைவு என்கிறது. இன்னொன்று அறுநூறுக்கும் மேல் என்கிறது. எதை நம்புவது, எந்த உப்பை வாங்குவது என்ற குழப்பம் வீடுகளில் எழுகிறது. இந்த எண்கள் எப்படிப் பிறந்தன, அவை எதை அளக்கின்றன என்பதை அவற்றின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் இக்குழப்பம் பெருமளவு தீரும்.

உப்பை நம்பி எழுந்த தொழில்

நெகிழி உப்புக்குள் வந்ததற்கு முன்பே உப்பு நெகிழித் தொழிலுக்குள் சென்றுவிட்டது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள செஷயர் மாவட்டம் நிலத்தடிப் பாறை உப்புக்குப் பெயர்பெற்றது. அங்கே நார்த்விச் நகருக்கு அருகில் உள்ள வின்னிங்டனில், ஜான் புரூனர், லுட்விக் மாண்ட் ஆகிய இருவரும் 1873ஆம் ஆண்டு கூட்டாகத் தொழில் தொடங்கினர். உப்புநீரையும் சுண்ணாம்புக்கல்லையும் கொண்டு சோடா உப்பு தயாரிப்பது அவர்களின் தொழில். கண்ணாடி, சோப்பு ஆகியவற்றுக்கு அது இன்றியமையாத மூலப்பொருள். 1926இல் இந்நிறுவனம் வேறு மூன்று நிறுவனங்களுடன் இணைந்து இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெருநிறுவனமாயிற்று.

1933 மார்ச் மாதம் அதே வின்னிங்டனில் இருந்த ஆய்வகத்தில் எரிக் பாசெட், ரெஜினால்டு கிப்சன் ஆகிய வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடு என்ற நீர்மத்தையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்துச் சோதித்தனர். எதிர்பார்த்த வினை நிகழவில்லை. கலனின் அடியில் மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிதளவு படிந்திருந்தது. அதுவே பாலித்தீன். 1935இல் அதைத் திரும்பச் செய்யும் வழி தெளிவாயிற்று. 1939இல் வணிக உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு மின்காப்பு உறையாக அது பயன்பட்டது. போருக்குப் பின் பைகளாகவும் குடங்களாகவும் வாளிகளாகவும் வீடுகளுக்குள் வந்தது.

பாலித்தீனின் மூலப்பொருளான எத்திலீன் உப்பிலிருந்து கிடைப்பதன்று. உப்பை நம்பி எழுந்த தொழிற்சாலையில் அது கண்டறியப்பட்டது என்பதே இங்குள்ள தொடர்பு. பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடுக்கோ உப்புடன் நேரடி உறவு உண்டு. அதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின். அந்தக் குளோரின் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிப் பெறப்படுகிறது. இன்று தோண்டியும் காய்ச்சியும் எடுக்கப்படும் உப்பில் பெரும்பகுதி சமையலறைக்குச் செல்வதில்லை. வேதித் தொழிற்சாலைகள் போன்ற பிற இடங்களுக்கே செல்கிறது.

1950இல் உலகம் ஆண்டுக்குச் சுமார் 20 இலட்சம் டன் நெகிழி உற்பத்தி செய்தது. 2015இல் அது சுமார் 38 கோடி டன்னாக உயர்ந்தது. ரோலண்ட் கெயர் தலைமையில் 2017இல் வெளியான கணக்கீட்டின்படி, 2015 வரை உற்பத்தியான நெகிழி மொத்தம் ஏறத்தாழ 830 கோடி டன். அதில் 630 கோடி டன் அளவு குப்பையாகிவிட்டது. அக்குப்பையில் மறுசுழற்சி செய்யப்பட்டது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. மீதி 79 விழுக்காடு குப்பைமேடுகளிலோ திறந்த நிலத்திலோ நீரிலோ கிடக்கிறது. நெகிழி மக்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் உடைந்து சிறிதாகிக்கொண்டே போகிறது.

கடல்நீரில் முதல் தடயங்கள்

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்டு கார்ப்பென்டரும் கே. எல். ஸ்மித்தும் அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடற்பகுதியில் மேற்பரப்பை வலையால் அரித்து ஆராய்ந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 3,500 நெகிழித் துண்டுகள் மிதப்பதாக 1972இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தனர். உற்பத்தி பெருகப் பெருக, குப்பையை அகற்றும் முறை மாறாவிட்டால், கடலில் இவற்றின் அடர்த்தியும் கூடக்கூடும் என்று அப்போதே அவர்கள் எழுதினர். அந்த எச்சரிக்கை நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை.

அடுத்த பெரிய அடி 2004இல் எடுத்து வைக்கப்பட்டது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு தாம்சனும் அவருடைய குழுவினரும் கடற்கரை மணலிலும் கழிமுகச் சேற்றிலும் நுண்ணிய நெகிழி இழைகளைக் கண்டனர். பழைய ஆவணங்களும் அவர்களுக்குக் கைகொடுத்தன. வணிகக் கப்பல்களின் பின்னே கட்டி இழுக்கப்படும் ஒரு கருவி, கடலின் மிதவை உயிரிகளைப் பட்டுத் துணியில் சேகரித்து வந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள கடல்வழிகளில் 1960களிலிருந்து சேகரித்த அத்துணிச் சுருள்கள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது உயிரிகளோடு நெகிழி இழைகளும் ஒட்டியிருந்தன. 1960, 1970களைவிட 1980, 1990களின் துணிகளில் அவை கூடுதலாக இருந்தன. மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல் இந்த ஆய்வுக்குப் பிறகே பரவலாயிற்று. 5 மில்லிமீட்டர் என்ற மேல் எல்லை 2008இல் அமெரிக்காவின் டக்கோமா நகரில் நடந்த அறிஞர் கூட்டத்திற்குப் பின் பொதுவாக ஏற்கப்பட்டது.

கடல்நீரில் நெகிழி இருந்தால், அந்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் அது இருக்காதா என்ற கேள்வி எளிமையானது. இருந்தும் அது ஆய்வாக மாறுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

கடல்நீர் உப்பாகும்போது நிகழ்வது

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் சுமார் 35 கிராம். அதில் சமையல் உப்பான சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். நீர் ஆவியாகிப் போகும். அதில் இருந்த துகள்கள் போகா. 40 லிட்டரில் சிதறிக் கிடந்தவை ஒரு கிலோவுக்குள் சேர வாய்ப்பு ஏற்படுகிறது.

உப்பளத்தில் நீர் ஒரே பாத்தியில் வற்றவிடப்படுவதில்லை. முதலில் பெரிய தேக்கங்களில் நிறுத்தப்பட்டுப் படிப்படியாகச் செறிவூட்டப்படுகிறது. இச்செறிவு போமே டிகிரி என்ற அளவால் குறிக்கப்படும். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும். 25 டிகிரியை அடையும்போது உப்பு படியத் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் நெகிழித் துகள்கள் தம் எடைக்கேற்பப் பிரிகின்றன. தண்ணீர்ப் புட்டி செய்யப் பயன்படும் பி.இ.டி. வகை கனமானது, அடியில் தங்கிவிடக்கூடும். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட இலேசானவை, மிதக்கும். மீன்வலை நைலானோ கடல்நீரில் மூழ்கும்; உப்பு படியும் அளவுக்குச் செறிந்த நீரில் அது மிதக்கும். இதனால் கடல்நீரில் இருக்கும் அளவும் வகையும் அப்படியே உப்பில் இருப்பதில்லை.

கடல்நீர் மட்டுமே இத்துகள்களின் வழியன்று. வெட்டவெளியில் பல நாட்கள் விரிந்து கிடக்கும் பாத்திகளில் காற்றில் வரும் இழைகள் விழுகின்றன. உப்பை வாரிக் குவித்து வைக்கும் அம்பாரத்தை மழையிலிருந்து காக்க முன்பு பனையோலையால் வேய்ந்தனர். இப்போது நெகிழித் தார்ப்பாய்களும் போர்த்தப்படுகின்றன. முன்பு கோணிப்பையில் கட்டிய உப்பு இன்று பாலிபுரோப்பிலீன் சாக்கில் ஏறுகிறது. கடைக்கு வரும்போது நெகிழி உறையில் இருக்கிறது. அரைத்தல், கழுவுதல், உலர்த்துதல், பொட்டலமிடுதல் ஆகிய ஒவ்வொரு கட்டமும் துகள்களைக் குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம்.

2015: சீன உப்பு ஆய்வு

உணவுப் பொருள்களில் நெகிழித் துகள் தேடும் முயற்சி உப்புக்கு முன்பே தொடங்கியிருந்தது. 2013இல் ஜெர்மனியில் தேனிலும் சர்க்கரையிலும் இழைகள் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. அவை உண்மையில் நெகிழிதானா என்பதை உறுதிசெய்யும் சோதனை போதவில்லை என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தனர். உப்பு ஆய்வுகளிலும் இந்தச் சிக்கல் பின்னர் எழுந்தது.

ஷாங்காயில் உள்ள கிழக்குச் சீன இயல்புப் பல்கலைக்கழகத்தின் ஹுவாஹோங் ஷி குழுவினர், சீனக் கடைகளில் விற்ற 15 வணிகப் பெயர்களைக் கொண்ட உப்புகளை வாங்கிச் சோதித்தனர். உப்பை நீரில் கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து உயிர்ப்பொருள்களைச் சிதைத்து, மிஞ்சியதை வடிதாளில் வடித்து, உருப்பெருக்கியில் பார்த்தனர். ஐயத்துக்குரிய துகள்களில் சிலவற்றின்மீது அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, அவை எந்த வகை நெகிழி என்று கண்டனர். ஒவ்வொரு நெகிழியும் அகச்சிவப்பு ஒளியைத் தனக்கே உரிய விதத்தில் உறிஞ்சுவதால் இச்சோதனை கைரேகை பார்ப்பதை ஒத்தது.

முடிவுகள் 2015இல் வெளியாயின. ஒரு கிலோ கடலுப்பில் 550 முதல் 681 வரை, ஏரி உப்பில் 43 முதல் 364 வரை, பாறை மற்றும் கிணற்று உப்பில் 7 முதல் 204 வரை துகள்கள் இருந்தன. பி.இ.டி., பாலித்தீன் ஆகிய நெகிழிகளுடன், மரக்கூழிலிருந்து செய்யப்படும் செல்லோபேனும் கடலுப்பில் மிகுதியாகக் காணப்பட்டது. கடலுப்பு மற்றவற்றைவிட மாசுபட்டிருந்ததால், அம்மாசு கடலிலிருந்தே வருகிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்கள்

2017இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஸ்பெயினின் அலிகான்டே பல்கலைக்கழகத்தார் அந்நாட்டு உப்பு மாதிரிகள் 21ஐ எடுத்து, கிலோவுக்கு 50 முதல் 280 வரை துகள்கள் இருப்பதாகக் கண்டனர். மலேசியாவில் பணியாற்றிய அலி கராமியும் அவர் குழுவினரும் எட்டு நாடுகளின் 17 வணிக உப்புகளைச் சோதித்து, கிலோவுக்கு அதிகபட்சம் 10 துகள்களே கண்டனர். ஓர் உப்பில் ஒன்றுகூட இல்லை. 2018இல் அமெரிக்காவில் 12 வணிக உப்புகளைச் சோதித்தவர்கள் கிலோவுக்கு 46 முதல் 806 வரை என்றனர்.

இந்த வேறுபாட்டுக்கு உப்பின் தரம் மட்டும் காரணமன்று. முதல் காரணம் சல்லடை. கராமி குழுவினர் 149 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களையே பிடித்தனர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிட நுண்ணிய வடிதாளைப் பயன்படுத்தியவர்கள் கூடுதலாகப் பிடித்தனர். நெகிழி உடைய உடையச் சிறு துகள்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகும். ஆகவே வலைக்கண் சிறிதானால் எண்ணும் உயரும்.

இரண்டாவது காரணம், நெகிழி என்பதை உறுதிசெய்யும் முறை. கராமி குழுவினர் நெகிழியாக இருக்கலாம் என்று 72 துகள்களைப் பிரித்தெடுத்தனர். ஒவ்வொன்றையும் ராமன் நிறமாலை மூலம் சோதித்தபோது 41.6 விழுக்காடே நெகிழி என உறுதியாயிற்று. 23.6 விழுக்காடு நிறமிகள், 5.5 விழுக்காடு கரி. ஏனையவை அடையாளம் காணப்படவில்லை. அமெரிக்க ஆய்வோ சாயமேற்றிக் கண்ணால் எண்ணும் முறையைக் கையாண்டது. கண்ணுக்கு நெகிழியாகத் தோன்றும் யாவும் நெகிழியன்று என்பதற்கு அந்த 72 துகள்களே சான்று.

மூன்றாவது காரணம் ஆய்வகக் காற்று. ஆய்வாளரின் சட்டையிலிருந்தே பாலியஸ்டர் இழை மாதிரியில் விழலாம். எனவே நம்பகமான ஆய்வுகளில் உப்பே இல்லாத வெறும் நீரும் அதே முறையில் வடிக்கப்படும். அதில் விழுந்த இழைகளின் அளவைக் கொண்டு முடிவுகள் திருத்தப்படும். ஓர் ஆய்வு எண்ணைப் படிக்கும்போது சல்லடை அளவு, உறுதிசெய்த முறை, வெறுநீர்ச் சோதனை ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். இவை வேறுபட்டால் இரண்டு நாட்டு உப்புகளை ஒப்பிடுவது, படியால் அளந்ததையும் கிலோவால் நிறுத்ததையும் ஒப்பிடுவதற்குச் சமம்.

ஒரே ஆய்வகம், ஒரே முறை

ஒப்பிடும்படியான எண்கள் 2018இல் தென்கொரியாவின் இஞ்சியோன் தேசியப் பல்கலைக்கழகமும் கிரீன்பீஸ் அமைப்பின் கிழக்காசியப் பிரிவும் நடத்திய ஆய்வில் கிடைத்தன. பல நாடுகளில் தயாரான 39 வணிக உப்புகள் ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் சோதிக்கப்பட்டன. 36இல் நுண்நெகிழி இருந்தது, மூன்றில் இல்லை. கடலுப்பில் கிலோவுக்கு 0 முதல் 1,674 வரை துகள்கள் காணப்பட்டன. இந்தோனேசியாவின் ஓர் உப்பு மட்டும் 13,000க்கு மேல் காட்டியதால் தனியே குறிக்கப்பட்டது. ஏரி உப்பில் 28 முதல் 462 வரையும் பாறை உப்பில் 0 முதல் 148 வரையும் இருந்தன.

எந்தக் கடலோரத்தில் ஆறுகள் கூடுதலாக நெகிழியைக் கொண்டுவந்து கொட்டுகின்றனவோ, அந்தக் கடலோர உப்பிலும் துகள்கள் கூடுதலாக இருந்தன என்பதே இவ்வாய்வின் தலையாய முடிவு. ஆசிய நாடுகளின் கடலுப்பு இதனால் முன்னிலையில் நின்றது. கடல்நீரின் நெகிழி மாசை அறியக் கடலுப்பையே ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினர். உப்பில் உள்ள துகளின் எண்ணிக்கை உப்பளத் தொழிலாளியின் கவனக்குறைவைக் காட்டுவதைவிட, அக்கரையின் குப்பை மேலாண்மையையே கூடுதலாகக் காட்டுகிறது.

இந்தியாவும் தூத்துக்குடியும்

ஏழை, செல்வர் எவரும் உப்பைத் தவிர்க்க இயலாது. 1930இல் காந்தி தண்டியிலும் இராஜாஜி வேதாரண்யத்திலும் உப்புச் சட்டத்தை மீறியதற்கு இதுவே அடிப்படை. உப்பில் கலக்கும் எதுவும் நாட்டின் எல்லா அடுப்புகளையும் அடையும் என்பதால் நுண்நெகிழிச் செய்தி இங்கே மிகுந்த கவனம் பெற்றது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சந்தன் கிருஷ்ண சேத், அமிர்தான்ஷு ஸ்ரீவாஸ்தவ் ஆகியோர் இந்தியக் கடலுப்பு வகைகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். கிலோவுக்குச் சராசரியாக 56 முதல் 103 வரை துகள்கள் இருந்தன. மொத்தத்தில் 63 விழுக்காடு சில்லுகள், 37 விழுக்காடு இழைகள். அவர்கள் எண்ணிக்கையோடு எடையையும் கணக்கிட்டனர்: கிலோவுக்கு 63.76 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு உண்பவர் ஆண்டுக்குச் சுமார் 117 மைக்ரோகிராம் நெகிழியை உப்பு வழியாக உட்கொள்வார். இக்கணக்கில் ஒரு கிராம் நெகிழி உடலுக்குள் செல்ல எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். கருவிக்குப் புலப்படாத இன்னும் நுண்ணிய துகள்கள் இதில் அடங்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் உப்பு மிகுதியாக உற்பத்தியாகும் மாநிலம் தமிழ்நாடு. அதில் தூத்துக்குடியே முதன்மையான மையம். அங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தூத்துக்குடியில் கடல்நீரைப் பாய்ச்சும் உப்பளங்களும் உண்டு. கடல்நீரைவிடச் செறிவான நிலத்தடி நீரை ஆழ்துளைக் கிணற்றால் இறைத்துப் பாய்ச்சும் உப்பளங்களும் உண்டு. வெயில், காற்று, தொழில்முறை எல்லாம் ஒன்றே. நீர் மட்டுமே வேறு. கடல்நீர் உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 வரையும், கிணற்றுநீர் உப்பில் 2 முதல் 29 வரையும் துகள்கள் காணப்பட்டன. பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலியஸ்டர், நைலான் வகைகள் அவற்றில் இருந்தன. ஒரே ஊரின் இருவகை உப்புக்கிடையே உள்ள இந்த வேறுபாடு, பெரும்பங்கு மாசு கடல்நீரோடு வருகிறது என்பதைக் காட்டுகிறது. கிணற்று உப்பிலும் சிறிதளவு இருப்பது, காற்றாலும் கையாளுதலாலும் ஒரு பங்கு சேருகிறது என்பதைக் காட்டுகிறது.

2024 ஆகஸ்டு மாதம் தில்லியைச் சேர்ந்த டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு பத்து வகை உப்பையும் ஐந்து வகைச் சர்க்கரையையும் சோதித்த அறிக்கையை வெளியிட்டது. உப்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 7 முதல் 89 வரை துகள்கள் இருந்தன. அதே ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவில் நுண்நெகிழியை அளக்கும் பொதுவான முறையை உருவாக்க லக்னோ, கொச்சி, பிலானி ஆகிய இடங்களில் உள்ள ஆய்வு நிறுவனங்களுடன் இணைந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

இந்துப்பும் அயோடின் உப்பும்

டாக்சிக்ஸ் லிங்க் அறிக்கையில் மிகக் கூடிய எண்ணிக்கை அயோடின் சேர்த்த ஓர் உப்பிலும், மிகக் குறைந்த எண்ணிக்கை ஒரு பாறை உப்பிலும் இருந்தன. இதைப் படித்து அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுவது அறிவுடைமை ஆகாது. பத்து மாதிரிகளில் ஒன்றின் எண்ணைக் கொண்டு ஒரு வகை உப்பு முழுவதையும் தீர்ப்பிட முடியாது. அயோடின் நெகிழியிலிருந்து வருவதுமன்று. உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை உண்டாகும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சி குன்றும். இக்காரணத்தால் இந்தியாவில் 1962ஆம் ஆண்டே தேசியக் கழலை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மனிதர் நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது 2006 மே மாதம் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. நெகிழியின் தீங்கு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அயோடின் குறைபாட்டின் தீங்கு ஐயமற உறுதியானது.

இந்துப்பு இன்னொரு பாடத்தையும் தருகிறது. பாகிஸ்தானின் கெவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படும் பாறை உப்பு, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடலின் உப்பு. அக்கடலில் நெகிழி இருந்திருக்க வழியே இல்லை. ஆயினும் உலக ஆய்வுகளில் பாறை உப்பு பலவற்றிலும் துகள்கள் காணப்படுகின்றன. வெட்டியெடுத்தல், அரைத்தல், பொட்டலமிடுதல், சுற்றுக்காற்று ஆகியவையே அதற்கு வழியாக இருக்க முடியும். மிகப் பழைய உப்பும் இக்காலத்துக் காற்றைத் தாண்டியே நம் அடுக்களைக்கு வருகிறது.

உடல்நலம் பற்றித் தெரிந்தவை

தூத்துக்குடி ஆய்வின் எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், நாளுக்கு 5 கிராம் கடலுப்பு உண்பவருக்கு ஆண்டுக்கு 65 முதல் 130 துகள்கள் வரை சேரும். ஷாங்காய் எண்ணைக் கொண்டால் ஆயிரத்துக்கு மேல் சேரும். மற்ற வழிகளோடு ஒப்பிட இது சிறிது. ஸ்காட்லாந்தில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, மட்டிச் சிப்பிகளை உண்பதால் சேரும் துகள்களைவிட, உணவு உண்ணும் வேளையில் வீட்டுத் தூசியாகத் தட்டில் விழும் இழைகள் பன்மடங்கு அதிகம் என மதிப்பிட்டது.

உடலுக்குள் நெகிழி செல்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் குருதியைச் சோதித்து 17 பேரிடம் நெகிழியைக் கண்டனர். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்துத் தமனியில் அடைப்பு நீக்கப்பட்ட 257 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். அடைப்பில் நெகிழி இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு ஏனையோரைவிடச் சுமார் நான்கரை மடங்கு இருந்தது. நெகிழியே அதற்குக் காரணம் என்று இவ்வாய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டதையே பதிவு செய்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, மனித உடல்நலத்துக்கு ஏற்படும் தீங்கை முடிவாகச் சொல்லும் அளவுக்குத் தரவுகள் போதவில்லை என்றும், நெகிழி மாசைக் குறைக்கும் நடவடிக்கைகள் வேண்டும் என்றும் கூறியது.

உப்பைப் பொறுத்தவரை மருத்துவம் உறுதியாகச் சொல்லும் தீங்கு ஒன்று உண்டு: மிகையான உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியர் சராசரியாக உண்பது அதைவிட அதிகம். உப்பைக் குறைத்தால் அதன் வழியே வரும் துகளும் அதே விகிதத்தில் குறையும்.

தடுக்கும் வழிகள்

மும்பை ஆய்வாளர்கள், உப்பளத்துக்குள் விடுமுன் கடல்நீரை மணல் வடிகட்டி வழியாகச் செலுத்திப் பார்த்தனர். துகள்களில் எடையால் 85 விழுக்காட்டுக்கு மேல் நீங்கின. நகரக் குடிநீருக்குப் பயன்படும் பழைய முறைதான் இது. ஆயினும் ஒரு கிலோ உப்புக்கு 40 லிட்டர் நீரை வடிக்கும் செலவைச் சிறு உப்பளக்காரர் தனியே தாங்குவது அரிது. அம்பாரங்களை மூடும் நெகிழித் தாள் வெயிலில் பொடியாகுமுன் மாற்றுவது, பொட்டலமிடும் இடத்தில் தூசியைக் கட்டுப்படுத்துவது போன்றவை செலவு குறைந்தவை.

உப்பளத்துக்கு வெளியே செய்ய வேண்டியவை இன்னும் பெரியவை. முகப்பூச்சுகளில் நெகிழி மணிகள் சேர்ப்பதை அமெரிக்கா 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 14 வகைகளைத் தடை செய்தது. இந்திய அரசு 2022 ஜூலை 1 முதல் சில வகைகளை நாடெங்கும் தடை செய்தது. நெகிழி மாசுக்கு எதிராகச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை ஒன்றை உருவாக்க 2022 மார்ச் மாதம் நைரோபியில் நாடுகள் தீர்மானித்தன. 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுகள் உடன்பாடின்றி முடிந்தன. உற்பத்தியின் அளவையே குறைப்பதா, குப்பையை மட்டும் கையாள்வதா என்பதே முதன்மையான பிணக்கு.

தொகுப்புரை

பாலித்தீன் ஓர் உப்பு நகரத்தின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு நூறாண்டுகள்கூட ஆகவில்லை. அதற்குள் அது கடலுக்குச் சென்று, துகளாகி, கடல்நீரோடு உப்பளத்துக்குத் திரும்பிவிட்டது. 1972இல் கடல் மேற்பரப்பிலும், 2004இல் மணலிலும் பழைய பட்டுத் துணிகளிலும், 2015இல் உப்பிலும் அது கண்டறியப்பட்டது. ஒவ்வொரு முறையும் அது புதிதாக வந்து சேரவில்லை. நாம் அங்கே தேடிப் பார்த்தது அப்போதுதான்.

உப்பில் உள்ள துகள்களின் எண்ணிக்கை சிறிது; அவற்றின் தீங்கு இன்னும் முடிவாகவில்லை. எனவே அயோடின் உப்பைக் கைவிடவோ விலையுயர்ந்த உப்பைத் தேடி ஓடவோ இந்த ஆய்வுகள் காரணம் தரவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை கடலின் நிலையை அறிவிக்கிறது. ஆற்றில் வீசும் பையும், கடலில் விடும் அறுந்த வலையும், சாக்கடையில் கலக்கும் துணி இழையும் குறைந்தால் உப்பில் உள்ள எண்ணும் காலப்போக்கில் குறையும். அதைச் சரிபார்க்க, ஒரே முறையில் ஆண்டுதோறும் உப்பைச் சோதித்துப் பதிவு செய்யும் வழக்கம் நமக்கு வேண்டும்.